ஸ்டேஜிங்கா, ப்ரொடக்ஷனா: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

டீமில் புதிதாகச் சேர்ந்தவர்கள், டெஸ்டிங்கிலிருந்து ஆபரேஷன்ஸ் பக்கம் வந்தவர்கள், ரிலீஸ் தேதி நெருங்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கும் மேனேஜர்கள், எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சாட்டில் தட்டித் தட்டி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்பதால், முதலிலிருந்து படிப்பது நல்லது.

1. ஸ்டேஜிங், ப்ரொடக்ஷன்னு சொல்றீங்களே, என்ன வித்தியாசம்? டெவ் சர்வரைத்தான் ஸ்டேஜிங்னு சொல்றீங்களா?

ப்ரொடக்ஷன் என்பது உண்மையான பயனர்கள் தங்கள் சொந்த வேலைக்காக வந்து போகும் இடம். பேச்சு வழக்கில் 'லைவ்'. அங்கே அழிந்த தகவல் அழிந்ததுதான், போன மெயில் போனதுதான். ஸ்டேஜிங் அதற்கு முந்தைய ஒத்திகை மேடை. லைவுக்குப் போகப்போகும் அதே பில்டை (ஓடத் தயாராகக் கட்டிய பதிப்பை), முடிந்தவரை அதே அமைப்பில், பார்வையாளர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது.

டெவ் வேறு. அது எழுதுகிறவரின் பட்டறை, பாதி வேலை கலைந்து கிடக்கலாம். ஸ்டேஜிங் அப்படிக் கிடந்தால், அங்கே ஒரு டெஸ்ட் உடையும்போது 'இது கோடில் (நிரலில்) இருக்கும் தப்பா, ஸ்டேஜிங்கே இப்படித்தானா' என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். பல இடங்களில் ஸ்டேஜிங் மேல் நம்பிக்கை போவது இப்படித்தான்.

2. ஸ்டேஜிங்ல எல்லாம் பச்சை. லைவ்ல போட்ட அரை மணி நேரத்துல உடையுது. எப்படிங்க?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். பயனர்கள் தங்கள் படத்தை ஏற்றும் வசதி ஒன்றைச் செய்தோம். ஸ்டேஜிங்கில் மூன்று நாள் ஓட்டினோம், ஒரு குறையும் இல்லை. லைவில் விட்டதும் வந்த முதல் புகார் இது: "படம் போட்டேன், வந்துச்சு. ரெஃப்ரெஷ் பண்ணா காணோம். இன்னும் ரெண்டு தடவை பண்ணேன், காணோம். அப்புறம் தானா வந்துடுச்சு." படித்தவுடன் பயனர்மேல்தான் சந்தேகப்பட்டோம். பிறகுதான் உறைத்தது: ஸ்டேஜிங்கில் ஒரே ஒரு சர்வர். லைவில், கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு. எங்கள் கோடு படத்தை, தான் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் டிஸ்க்கிலேயே எழுதியிருந்தது. அடுத்த கோரிக்கை எந்த சர்வருக்குப் போகிறதோ அதைப் பொறுத்து, நாலில் ஒரு தடவை மட்டும் படம் கிடைக்கும்.

அந்த ஸ்டேஜிங்கில் மூன்று மாதம் ஓட்டியிருந்தாலும் அது பிடிபட்டிருக்காது. உழைப்பு குறைவு என்று சொல்ல முடியாது, அந்தத் தப்பு நடப்பதற்கான சூழ்நிலையே அங்கே இல்லை. சர்வர் எண்ணிக்கை ஒரு வகை. தகவலின் அளவு இன்னொரு வகை: பத்தாயிரம் வரி உள்ள டேபிளில் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லாத க்வெரிகூட (தகவலைக் கேட்கும் கட்டளை) கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், நான்கு கோடி வரியில் அதே க்வெரி சர்வரையே படுக்கவைக்கும். ஒரே நேரத்தில் இருவர் ஒரே பொத்தானை அழுத்துவது, 9 வருடம் பழைய கணக்கில் பெயர் காலியாக இருப்பது, வெளியார் ஏபிஐயின் (அவர்கள் அமைப்போடு நம் கோடு பேசும் வழி) சாண்ட்பாக்ஸ், அதாவது சோதனைக்கான போலி வடிவம், எப்போதும் 'சரி' என்றே பதில் சொல்வது, மாதக் கடைசியில் மட்டும் தானாக ஓடும் ஜாப், எல்லாம் இந்த வகையறாதான்.

3. அப்ப ஸ்டேஜிங்கை லைவ் மாதிரியே அச்சு அசலா செஞ்சிட்டா பிரச்சினை தீர்ந்துச்சுல்ல?

மெஷின்களை அப்படியே செய்யலாம், காசு இருந்தால். தகவலையும் ஓரளவு செய்யலாம் (9-ஆம் கேள்வியைப் பாருங்கள்). மனிதர்களைச் செய்ய முடியாது. மூன்று டேப் திறந்து வைத்து மூன்றிலும் மாற்றி மாற்றி 'சேமி' அழுத்துகிறவரை யார் டெஸ்ட் கேஸில் எழுதுவார்கள்?

ஆனால் 'முழுசா முடியாது' என்பதற்காக 'எதற்கு மெனக்கெட வேண்டும்' என்று இறங்கிவிடவும் கூடாது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். பிறகு வந்த விசாரணை அறிக்கையில் வெளிப்பட்ட ஒரு விஷயம்: புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில் சேர்ந்து ஓட வேண்டியது, ஆனால் சுமை தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டும்தான் செய்திருந்தார்கள். இரண்டின் அமைப்பும் ஒன்றுபோல் இல்லை. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4.865 கோடி பவுண்ட்.

என் அளவுகோல் இது: அளவில் சின்னதாக இருக்கலாம், வடிவத்தில் மாறக் கூடாது. லைவில் நான்கு சர்வர் என்றால் ஸ்டேஜிங்கில் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டுக்கும் நாற்பதுக்கும் இல்லை. அதே டேட்டாபேஸ் பதிப்பு, அதே கேஷ் (அடிக்கடி கேட்கும் தகவலின் தற்காலிக நகல்), அதே க்யூ (வேலைகள் காத்திருக்கும் வரிசை). அதற்கு மேல் ஸ்டேஜிங்குக்குச் செலவழிக்கிற காசை, லைவில் ஒரு மாற்றத்தைச் சட்டென்று நிறுத்தும் வசதிக்குச் செலவழிப்பேன்.

4. 'லைவ்ல டெஸ்ட் பண்றோம்'னு சொன்னாலே மேனேஜர் முகம் மாறுது. அது பொறுப்பில்லாத வேலை இல்லையா?

நீங்கள் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் லைவில் டெஸ்ட் நடந்துகொண்டுதான் இருக்கிறது. படம் காணாமல் போன அந்தப் பயனர் எங்களுக்காகச் சம்பளம் இல்லாமல் டெஸ்ட் செய்தவர்தான். ஆக, லைவில் டெஸ்ட் நடக்கப்போவது உறுதி. அதை எத்தனை பேர் தலையில் கட்டுகிறீர்கள், எத்தனை நிமிடத்தில் உங்களுக்குத் தெரியவரும், எத்தனை நிமிடத்தில் பழையபடி ஆக்க முடியும் என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்க முடியும்.

மேனேஜரிடம் 'லைவில் டெஸ்ட் பண்றோம்' என்று சொல்லாதீர்கள். 'முதல்ல நம்ம ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் திறக்கிறோம், ரெண்டு நாள் கழிச்சு நூத்துல ஒருத்தருக்கு, சரியா இருந்தா எல்லாருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். அதே விஷயம்தான். முகம் மாறாது.

5. டெப்லாய் பண்றதும் ரிலீஸ் பண்றதும் ஒண்ணுதானே?

இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதால்தான் டெப்லாய் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. கோடு சர்வருக்குப் போவது டெப்லாய். பயனர் கண்ணில் படுவது ரிலீஸ். நடுவில் ஒரு சுவிட்சை வைத்தால் அதுதான் ஃபீச்சர் ஃப்ளாக்: கோடு லைவில் உறங்கிக்கொண்டிருக்கும், யாருக்கு, எப்போது எழுப்புவது என்பதை நீங்கள் தீர்மானிப்பீர்கள். கெட்டுப்போனால் மறுபடி டெப்லாய் செய்யாமல், சுவிட்சை அணைத்தால் போதும்.

சுவிட்சுக்கும் ஆயுள் உண்டு. வேலை முடிந்ததும் பிடுங்கி எறிய வேண்டும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல் 2012 ஆகஸ்ட் 1 அன்று தெரிந்துகொண்ட பாடம் அது. பல வருடமாக உபயோகத்தில் இல்லாத 'பவர் பெக்' என்ற பழைய கோடைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். அதை இயக்கிய ஃப்ளாகையே புதிய வசதிக்கு மறுபடி உபயோகித்தார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய கோடு ஏறியது, ஒன்றில் ஏற்ற விட்டுப்போனது. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் பழைய கோடு விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்ட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பம் உண்டு, 14-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

6. கேனரின்னு எதுக்குப் பேரு? எத்தனை சதவீதம் விடணும், எவ்வளவு நேரம் பார்க்கணும்?

நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று அறிய கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோவார்கள். ஆளைவிடக் குருவி சீக்கிரம் மயங்கிவிடும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். பிரிட்டனில் 1986-இல்தான் கருவிகள் அந்த வேலைக்கு வந்தன. புதிய பில்டை முதலில் ஒரு சிறு பங்கு ட்ராஃபிக்குக்கு மட்டும் காட்டுவதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சதவீதத்தைக் கேட்பதைவிட எண்ணிக்கையைக் கேளுங்கள். பத்தாயிரம் கோரிக்கைக்கு ஒரு முறை வெளிப்படும் பக் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது ஒரு முறையாவது தலைகாட்ட 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் சுமார் முப்பதாயிரம் கோரிக்கை அந்தக் கேனரி வழியாகப் போக வேண்டும். கணக்கு எளிது: மூன்றை அந்த விகிதத்தால் வகுத்தால் போதும். உங்கள் தளத்துக்கு நிமிடத்துக்கு நூறு கோரிக்கை வருகிறது, ஒரு சதவீதம் விடுகிறீர்கள் என்றால் நிமிடத்துக்கு ஒன்று. முப்பதாயிரம் சேர இருபது நாளுக்கு மேல் ஆகும். 'அரை மணி நேரம் கேனரி பார்த்தோம், சுத்தமா இருக்கு' என்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை. பத்து சதவீதம் விட்டால் இரண்டு நாள் சொச்சம். பெரிய தளங்கள் ஒரு சதவீதம் விடுகின்றன என்பதற்காகச் சின்னத் தளமும் அப்படியே செய்தால் குருவி இல்லாத வெறும் கூண்டைத் தூக்கிக்கொண்டு போவதுபோல்தான்.

எதைப் பார்ப்பது என்பதும் முக்கியம். எரர் எண்ணிக்கை மட்டும் போதாது. பணம் கட்டும் பக்கம் எந்த எரரும் இல்லாமல் வெள்ளையாக நிற்கலாம், 'எல்லாம் சரி' என்பதற்கான 200 என்ற எண்ணே பதிலாகப் போகும். 'நிமிடத்துக்கு எத்தனை பேர் வெற்றிகரமாக முடித்தார்கள்' என்று பயனர் பக்கத்திலிருந்து ஒரு எண்ணாவது வேண்டும். அந்த எண்ணைக் கேனரியிலும் பழைய பில்டிலும் ஒரே நேரத்தில் எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டால் நேற்று விடுமுறையாக இருந்திருக்கும்.

7. பயனருக்கே தெரியாம லைவ் ட்ராஃபிக்கை வெச்சு டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும். ஷேடோ என்பார்கள், டார்க் லாஞ்ச் என்றும் சொல்வார்கள். வரும் கோரிக்கையின் நகல் ஒன்று புதிய அமைப்புக்கும் போகும். பயனருக்குப் பழையதன் பதில் மட்டும் திரும்பும், புதியது சொன்ன பதிலை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக் 2008-இல் சாட் வசதியைத் திறக்குமுன் இதன் ஒரு வடிவத்தைச் செய்தது. திரையில் எதுவும் தெரியாது, ஆனால் பக்கத்தைத் திறந்தவர்களின் பிரவுசர் பின்னாலிருந்து சாட் சர்வர்களைத் தொடர்புகொண்டபடி இருக்கும். திறந்த நாளில் வரப்போகும் சுமை முன்கூட்டியே வந்துபோனது.

கவனம், படிக்கும் வேலைகளுக்குத்தான் இது பொருந்தும். ஆர்டர் போடும் கோரிக்கையை நகலெடுத்தால் இரண்டு ஆர்டர் விழும். அதோடு, 'பயனரைத் தொடாது' என்பது 'ஆபத்தே இல்லை' என்று ஆகிவிடாது. பல தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2019 ஜூலை 2 அன்று தன் ஃபயர்வாலில் சில புதிய விதிகளை, யாரையும் தடுக்காமல் குறித்துக்கொள்ள மட்டும் செய்யும் பாவனை நிலையில்தான் இறக்கியது. அதில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) சிபியு முழுவதையும் விழுங்கியது. விதி யாரையும் தடுக்கவில்லை, சர்வரே மூச்சுத் திணறியது. உலகம் முழுக்க ஒரே வீச்சில் போனதால் 27 நிமிடம் எங்கும் பாதிப்பு. ஷேடோவுக்கும் கேனரி வேண்டும்.

8. சரி, எதை லைவ்ல டெஸ்ட் பண்ணவே கூடாது?

திரும்ப எடுக்க முடியாத எதையும். பணம் நகர்த்துவது, தகவலை அழிப்பது, வெளியே மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ அனுப்புவது, உரிமைகளை மாற்றுவது. எச்பிஓ மேக்ஸ் சந்தாதாரர்கள் பலருக்கு 2021 ஜூனில் 'இன்டக்ரேஷன் டெஸ்ட் ஈமெயில்' என்ற தலைப்பில் ஒரு வெற்று மெயில் போனது. இணையம் சிரித்துவிட்டு மறந்துவிட்டது. ஹவாயில் 2018 ஜனவரி 13 அன்று ஏவுகணை எச்சரிக்கை தவறாக எல்லாருடைய ஃபோனுக்கும் போய், அதைத் தவறு என்று ஃபோனிலேயே அறிவிக்க 38 நிமிடம் ஆனபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பயிற்சிக்கும் நிஜத்துக்கும் ஒரே திரை, ஒரே மெனு.

இப்படிப்பட்டவற்றில் ஸ்டேஜிங்தான் முதல் இடம். அங்கே வலிக்க வலிக்கச் சோதித்துவிட்டு, லைவில் உங்கள் சொந்தக் கணக்கு ஒன்றில், சின்னத் தொகையில், ஒரு முறை.

9. லைவ் டேட்டாவை அப்படியே ஸ்டேஜிங்குக்கு இறக்கிக்கலாமா? நிஜ டேட்டா இருந்தாதானே நிஜ பக் கிடைக்கும்?

பாதி உண்மை. நிஜத் தகவலின் கோணல்மாணல்தான் வேண்டும், நிஜ மனிதர்களின் பெயரும் எண்ணும் வேண்டியதில்லை. ஸ்டேஜிங்கில் காவல் எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும்: கடவுச்சொல் எல்லாருக்கும் தெரியும், போன வருடம் வந்துபோன ஒப்பந்தக்காரருக்கும் அணுகல் இருக்கும். தனிநபர் தகவலை அங்கே இறக்கினால் கசிவுக்குக் கதவு திறந்து வைத்ததுபோல. ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், அது ஸ்டேஜிங்கில் இருந்ததா லைவில் இருந்ததா என்று பிரித்துப் பார்க்காது. கார்டு எண்கள் விஷயத்தில் கார்டு நிறுவனங்களின் பிசிஐ பாதுகாப்பு விதிகள் இன்னும் கறார்.

இறக்கும் வழியிலேயே பெயர், மெயில், ஃபோன் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நீளத்தையும் விசித்திரத்தையும் காப்பாற்றுங்கள். 60 எழுத்துப் பெயர் 60 எழுத்தாகவே இருக்கட்டும், காலியானது காலியாகவே இருக்கட்டும். மெயில் முகவரிகளை டாட் இன்வேலிட் அல்லது டாட் டெஸ்ட் என்று முடியும்படி மாற்றுங்கள். இந்த முடிவுகளை யாரும் பதிவு செய்ய முடியாதபடி 1999-லேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் முன்பு இருந்த ஓரிடத்தில் முகவரிகளை மாற்றாமல் இறக்கினார்கள். ஸ்டேஜிங்கின் இரவு ஜாப் கடமை தவறாமல் எழுந்து, உண்மையான ஆட்களுக்கு 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது' என்று அனுப்பிவிட்டது. காலையில் ஆபீஸுக்கு வந்தபோது எல்லா ஃபோனும் அடித்துக்கொண்டிருந்தது.

10. டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாத்தறது) ஸ்டேஜிங்ல ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுது. லைவ்ல எதுக்குத் தனியா யோசிக்கணும்?

இரண்டு செகண்டில் முடிந்தது என்பதே ஸ்டேஜிங் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை என்பதன் அடையாளம். டேபிளின் அளவு ஒன்று, அந்த நேரத்தில் அதன்மேல் நடக்கும் வேலை இன்னொன்று. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு காலம் (column, நெடுவரிசை) சேர்க்க டேபிள் முழுவதற்கும் பூட்டு வேண்டும். பூட்டு கிடைத்தால் நொடியில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் யாரோ ஓட்டிவிட்ட நீண்ட ரிப்போர்ட் க்வெரி ஒன்று முடியாமல் இருந்தால் உங்கள் கட்டளை காத்து நிற்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரண க்வெரிகள்கூட வரிசையில் நிற்கும். ஒரு நிமிடத்தில் தளம் படுத்துவிடும். ஸ்டேஜிங்கில் அந்த ரிப்போர்ட்டை ஓட்ட ஆளே இல்லை.

பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், கிடைக்கவில்லை என்றால் தானாகத் தோற்றுப் பிறகு முயலட்டும். இண்டெக்ஸ் என்றால் 'கன்கரன்ட்லி' (எழுதுவதைப் பூட்டாமல் உருவாக்கச் சொல்லும் சொல்) சேர்த்துப் போடுங்கள். நெடுவரிசையின் பெயரை மாற்றுவது, நீக்குவது போன்றவற்றை ஒரே டெப்லாயில் செய்யாதீர்கள். முதலில் புதியதைச் சேர்க்கவும், இரண்டிலும் எழுதவும், பழைய வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தவும், படிப்பதைப் புதியதற்கு மாற்றவும், கடைசியில் பழையதை நீக்கவும். மெதுவான வழிதான். ஆனால் எந்தப் படியிலும் ஒரு படி பின்னால் போகலாம்.

11. கோடு மாத்தல, கான்ஃபிக்ல (அமைப்புக் கோப்புல) ஒரு வரிதான். அதுக்கும் இவ்வளவு சடங்கா?

கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் 2024 ஜூலை 19 அன்று அனுப்பியதும் கோடு இல்லை, ஒரு உள்ளடக்கக் கோப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. கோப்பு 21 புலங்களை எதிர்பார்க்க, கணினியில் ஓடும் பகுதி 20-ஐத்தான் கொடுத்தது. அதற்கு முன் போன கோப்புகளில் 21-ஆவது புலத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறியே இருந்ததால் சோதனைகளில் அந்தத் தப்பு வெளியே வரவில்லை. அன்றுதான் முதல் முறையாக அந்தப் புலத்தைப் படிக்க வேண்டி வந்தது. மென்பொருள் பதிப்புகளைப் படிப்படியாக வெளியிடும் ஏற்பாடு இருந்தது. இந்த வகைக் கோப்புகளுக்கு அது இல்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது.

கான்ஃபிக், ஃப்ளாக், ஃபயர்வால் விதி, எதுவானாலும் லைவின் நடத்தையை மாற்றினால் அது டெப்லாய்தான். 6-ஆம் கேள்வியில் சொன்னது எல்லாமே இதற்கும் உண்டு.

12. லைவ்ல டெஸ்ட் அக்கவுன்ட் வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே நுழைந்து, தேடி, கூடையில் போட்டு, வெளியேறும் ஒரு ரோபோ பயனர் இருந்தால் தூங்கும்போதும் ஒருவர் டெஸ்ட் செய்துகொண்டிருப்பார். ஆனால் அந்தக் கணக்கில் 'இது டெஸ்ட்' என்று டேட்டாபேஸிலேயே ஒரு குறி இருக்க வேண்டும், பெயரில் 'டெஸ்ட்' என்று எழுதி வைத்தால் போதாது. இல்லாவிட்டால் மாதக் கடைசி விற்பனை ரிப்போர்ட்டில் உங்கள் ரோபோதான் மிகச் சிறந்த வாடிக்கையாளராக முதலிடத்தில் நிற்கும். ஒரு கூட்டத்தில் அந்த 'வாடிக்கையாளரை' நேரில் சந்திக்க வேண்டும் என்று விற்பனைப் பிரிவுத் தலைவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

13. லோட் டெஸ்ட் எங்க பண்றது?

ஸ்டேஜிங்கில் செய்தால் ஒப்பீடு கிடைக்கும்: போன பதிப்பைவிட இது மெதுவா, மெமரி ஏறிக்கொண்டே போகிறதா. 'லைவ் எத்தனை பேரைத் தாங்கும்' என்ற எண் அங்கே கிடைக்காது. ஸ்டேஜிங்கில் ஐந்நூறு தாங்கியது, லைவ் நான்கு மடங்கு பெரியது, ஆக இரண்டாயிரம் என்று பெருக்குகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. டேட்டாபேஸ் ஒன்றுதானே, அதை யார் நான்காக்கினார்கள்? உண்மையான எண் வேண்டுமானால், கூட்டம் குறைந்த நேரத்தில் லைவில் ஒரு சர்வருக்கு மட்டும் ட்ராஃபிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். வெளியார் ஏபிஐ நடுவில் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

14. ஏதாவது ஆச்சுன்னா ரோல்பேக் பண்ணிக்கலாம். அப்புறம் எதுக்கு ஸ்டேஜிங்?

ரோல்பேக் கோடைத்தான் பின்னால் கொண்டுபோகும். புதிய கோடு ஓடிய இருபது நிமிடத்தில் எழுதப்பட்ட தகவல் அங்கேயே இருக்கும். பழைய கோடுக்கு அந்த வடிவம் புரியாவிட்டால் ரோல்பேக்கே இரண்டாவது விபத்து. நைட் கேபிடலில் நடந்த திருப்பம் அதுதான். கோளாறு புதிய கோடில் என்று நினைத்து, சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதைக் கழற்றினார்கள். ஃப்ளாக் அப்படியே இருந்தது. ஒரு சர்வரில் விழித்திருந்த பழைய கோடு இப்போது எட்டிலும் விழித்துக்கொண்டது.

ஆகவே ரோல்பேக்கை ஸ்டேஜிங்கில் டெஸ்ட் செய்யுங்கள். புதிய பில்டை ஏற்றி, சில ஆர்டர்கள் போட்டு, பழையதற்கு இறக்கி, அதே ஆர்டர்களைத் திறந்து பாருங்கள். இதைச் செய்கிற டீம்களை நான் பார்த்தது குறைவு. ஸ்டேஜிங்கைக் கொண்டு செய்யக்கூடியதிலேயே பலன் அதிகமான வேலை இதுதான் என்பது என் கணிப்பு.

15. நாங்க மொத்தம் மூணு பேரு. ஸ்டேஜிங் வெச்சே ஆகணுமா?

தனியாக எப்போதும் ஓடும் ஸ்டேஜிங் வேண்டாம். மூன்று பேர் இருக்கும் இடத்தில் அதைப் பராமரிக்க ஆள் இருக்காது, இரண்டே மாதத்தில் லைவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேவைப்படும்போது எழுப்பிப் பிறகு கலைத்துவிடும் தற்காலிகச் சூழல், நல்ல தானியங்கி டெஸ்டுகள், ஒரு ஃப்ளாக், ஒழுங்கான அலர்ட், இவ்வளவு போதும். பணத்தைத் தொடும் தளமாக இருந்தால் மட்டும் 8-ஆம் கேள்விக்காக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

16. லைவ்ல எவ்வளவு உடைக்கலாம்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. எரர் பட்ஜெட் என்பார்கள், கூகுளில் தளங்களைத் தடையின்றி ஓடவைக்கும் எஸ்ஆர்இ குழுக்கள் பரப்பிய பழக்கம். 99.9 சதவீதம் இயங்கும் என்று வாக்குக் கொடுத்தால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் 12 நொடி கெட்டுப்போக அனுமதி இருக்கிறது. அந்த நிமிடங்களைச் சோதனைக்குச் செலவழிக்கலாம். தீர்ந்துவிட்டால் அந்த மாதம் புதியது எதுவும் போகாது, இருப்பதை உறுதியாக்கும் வேலை மட்டும். மேனேஜரும் டெவலப்பரும் ஒரே எண்ணைப் பார்த்துச் சண்டை போடுவார்கள் என்பதே பெரிய லாபம்.

நெட்ஃப்ளிக்ஸ் 'கேயாஸ் மங்கி' என்று ஒன்றை எழுதி லைவ் சர்வர்களை வேண்டுமென்றே கொல்ல விட்டது பலருக்கும் தெரியும். அதை அலுவல் நேரத்தில் ஓட விட்டார்கள் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உடைந்தால் சரிசெய்ய ஆள் இருக்கையில் இருக்கும்போது உடையட்டும் என்பது கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை டெப்லாய் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் அதுவே.

17. அப்ப டெஸ்டர்களுக்கு என்ன வேலை மிச்சம்?

வேலை இடம் மாறும், குறையாது. கேனரியில் எந்த எண்ணைப் பார்ப்பது என்று முடிவு செய்ய, பயனர் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரிந்த ஆள் வேண்டும். டெஸ்டர்தான் அந்த ஆள். லைவில் பிடிபட்ட ஒவ்வொரு பக்கையும் முடிந்தால் கீழே ஒரு டெஸ்டாக எழுதி வைப்பதும் அவர்கள் வேலைதான். எங்கள் படக் கதைக்குப் பிறகு ஸ்டேஜிங்கில் இரண்டாவது சர்வர் வந்தது இப்படித்தான்.

18. ஸ்டேஜிங்னு நெனச்சு லைவ்ல கமாண்ட் அடிச்சிட்டா?

கேட்கிறவர் பெரும்பாலும் ஏற்கனவே அடித்துவிட்டுத்தான் கேட்கிறார். முதலில் கையை எடுங்கள், டீமில் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

இதில் பிரசித்தமானது, கோடைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லாப். 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போயிருந்த ஒரு எஞ்சினியர் துணை டேட்டாபேஸின் கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸில் கட்டளையை ஓட்டிவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்புகளைத் தேடிப் போனால் ஒவ்வொன்றாக ஓடாமலே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் காப்பாற்றியது, அதே எஞ்சினியர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல். எதற்காக எடுத்தார் தெரியுமா? ஸ்டேஜிங்கில் ஒன்றைச் சோதிக்க. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது, மற்றது திரும்பியது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ய முடிவெடுத்தவற்றில் ஒன்று, டெர்மினலின் ப்ராம்ப்டை (கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தை) இது எந்த மெஷின், எந்தச் சூழல் என்று தெளிவாகத் தெரியும்படி மாற்றுவது. எங்களிடம் லைவ் சிவப்பு, ஸ்டேஜிங் பச்சை. செய்ய ஐந்து நிமிடம் ஆகும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல் திறந்திருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.